கோடாலி ஒளித்த வருஷம்

உங்க வூட்ல கோடாலிய எங்க ஒளிச்சாங்க? நம்ம வயசுக்காரங்க யாரைப் பார்த்தாலும் எனக்கு மொதல்ல இதைத்தான் கேக்கத் தோணுது. கல்யாணப் பந்திக்குக் காத்துக்கினு இருக்கும்போது கேட்டிருக்கேன். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில பிரஷர் மாத்திரைக்கு வரிசையில நிக்கும்போதும் கேட்டிருக்கேன். ஒருத்தி, கெணத்துல போட்டோம்னா. இன்னொருத்தி வூட்ல வைக்கப்போருக்குள்ள சொருகி வெச்சாங்களாம், வைக்கோல் உருவும்போது கால்மேல வுழுந்து அவங்க தாத்தா ரெண்டு மாசம் நொண்டினாராம். எல்லாரும் சிரிச்சிக்கினுதான் சொல்றாங்க. எனக்குத்தான் சிரிப்பு வர மாட்டேங்குது. எங்க வூட்டுக் கோடாலி எருக்குழியில கெடந்துது. அங்கியே கெடந்து துருப்பிடிச்சுப் போயிருந்தா எவ்வளவோ தேவலாம்.

இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டுல உக்காந்த வருஷம் அது. புரட்டாசி மாசம். நம்ம ஜனம் ஊருக்கு ஊர் ரோட்டோரத்துப் புளியமரத்தை வெட்டி குறுக்க சாய்ச்சாங்க. பஸ் இல்ல, லாரி இல்ல, கரும்பு வெட்டினது வெட்டினபடி வயல்லயே காஞ்சிது. கேட்டது நியாயம். அதுல எனக்கு இன்னைக்கும் ரெண்டாம் பேச்சு கெடையாது. எம் பசங்க படிச்சதும் வேலைக்குப் போனதும் அன்னைக்கு ரோட்டுல உக்காந்தவங்களாலதான். அதனாலதான் இதைச் சொல்லவே எனக்கு வாய் கூசுது.

மறியல் முடிஞ்சதும் போலீஸ் வந்துச்சு. ரோட்டுல கெடந்த மரத்தையெல்லாம் மிஷின் வெச்சு ஓரத்துக்குத் தள்ளினாங்க. எங்க ஊருக்கு வெளியே சங்கராபுரம் ரோட்டுல ஒரு சின்னப் பாலம். கல்வராயன் மலையிலேருந்து வர்ற ஓடைத் தண்ணி அந்தப் பாலத்துக்குக் கீழதான் நொழைஞ்சு வாய்க்காலாட்டம் எங்க ஏரிக்குப் போவும். ஏரிக்கு வேற வழியில தண்ணி கெடையாது. ரோட்டுலேருந்து தள்ளின மரம், கல்லு, கெளை, வேரு எல்லாம் நேரா அந்த வாய்க்கால்லதான் போய் வுழுந்துது. பாலத்து வாயே தெரியல.

வேற வருஷமா இருந்தா ஊரே சேர்ந்து ஒரு நாள்ல இழுத்துப் போட்டிருக்கும். எப்பவுமே ஐப்பசி பொறக்கறதுக்கு முன்ன வூட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோட போயி வாய்க்கால் தூர் வாருவாங்க. போவலைன்னா பஞ்சாயத்துல பேச்சு வாங்கணும். அந்த வருஷம் ஒருத்தரும் போவல. ஏன்னா, மரம் வெட்டினவங்கன்னு பேர் போடாமலே கேஸ் எழுதி வெச்சிருந்தாங்க. யாரு கையில கோடாலி இருக்குதோ, யாரு வூட்ல புளியங்கட்டை இருக்குதோ அவனைத் தூக்கிக்கினு போறாங்கன்னு பேச்சு. அந்த மரத்தைத் தொட்டா, வெட்டினது நாந்தான்னு நாமே போயி கை நீட்டின மாதிரி ஆயிடும்னு பயந்துட்டாங்க. ஆம்பளைங்க பாதிப் பேர் ராத்திரியில மலை அடிவாரத்துல போயி படுத்துக்கினாங்க. பொம்பளைங்க வெறகு பொளக்க முடியாம கரும்புச் சோகைய வெச்சு எரிச்சாங்க. வூடு பூரா அந்தப் பொகை. குழம்புலகூட அந்த வாசனை அடிக்கும்.

எங்க கோடாலியப் பத்திச் சொல்லணும். அந்தப் பொங்கலுக்கு மாட்டுக் கொம்புக்கு அடிச்ச நீல பெயிண்ட் டப்பாவுல கொஞ்சம் மிச்சம் இருந்துது. வீணாப் போவுதேன்னு கோடாலிக் காம்புக்கு அடிச்சு வெச்சேன். எனக்குப் பதினோரு வயசு இருக்கும். அம்மா தலையில அடிச்சிக்கினாங்க. அப்பா மட்டும், "அட, எங்க போனாலும் நம்ம கோடாலி தனியாத் தெரியும்டி"ன்னு சிரிச்சாரு. அதே காம்பைத்தான் மறியல் முடிஞ்ச ராத்திரி சாக்குல சுத்தி எருக்குழியில பொதைச்சாரு.

எங்க ஏரிக்கு நீர்க்கட்டி ஒருத்தர் இருந்தாரு. ஏரி மதகைத் தொறக்கறது, மூடறது, எந்த வயலுக்கு எப்பத் தண்ணின்னு பாக்கறது எல்லாம் அவரு வேலை. அதுக்கு அறுப்புல எல்லார் களத்துலயும் அவருக்குப் பங்கு நெல்லு. ஏரி ரொம்பலைன்னா அறுப்பு இல்ல, அவரு அடுப்புல ஒலை இல்ல. காலனியில வூடு. மறியலுக்கும் அவருக்கும் ஒரு சம்மந்தமும் கெடையாது. எங்கப்பாவுக்கு மூத்தவரு. ஆனா எங்க வூட்ல எல்லாருமே அவரை வாடா போடான்னுதான் கூப்புடுவாங்க. நானும் அப்படித்தான். இப்ப அவரு இவருன்னு சொல்றேனே, இந்த மரியாதைய அவரு காதுல வுழற மாதிரி ஒரு நாளும் நான் குடுக்கல.

ரொம்பக் கோவக்காரர், வாய் ஜாஸ்தி. நாட்டாமை வூட்டு வாசல்ல வந்து நின்னுக்கினு கத்தினாரு.

"ஐப்பசி பொறக்கப் போவுது. மலை கறுத்துக்கினு நிக்குது. வாய்க்கால்ல மலையாட்டம் மரம் கெடக்குது. நீங்கெல்லாம் இன்னா, ஏரிய வித்துட்டீங்களா?"

நாட்டாமை உள்ளருந்தே சொன்னாரு: "மரத்தைத் தொட்டா உள்ள போடுவான்டா. இந்த வருஷம் போனா போவட்டும்."

"உங்களுக்குப் போனா போவட்டும். மோட்டாரு இருக்குது, கெணறு இருக்குது. எனக்கு?"

"ஏய், போடா அங்க!"

அவரு அன்னைக்கு சாயந்தரமே எங்க வூட்டுப் பின்பக்கம் வந்தாரு. நான் கோழி அடைச்சிக்கினு இருந்தேன்.

"ஆண்டே, கோடாலி ஒண்ணு குடுங்க. என்னுது கொடுவாதான். புளியங்கட்டைக்கு எகிறிக்கினு போவுது. நான் வெட்டறேன். எனக்கு இன்னா பயம்? என்னைப் பார்த்தா எவனாவது மறியல்காரன்னு சொல்லுவானா?"

அப்பா சுத்தியும் முத்தியும் பார்த்தாரு. எங்க நெலம் மதகுக்கு அடுத்தாப்புல இருந்துது. ஏரித் தண்ணி இல்லாம அது ஒரு பருவம்கூட வெளையாது. அப்பாவே எருக்குழியில எறங்கி சாக்கை இழுத்தாரு.

"வாங்கினது யாருக்கும் தெரியக் கூடாதுடா."

"சத்தியமா சொல்ல மாட்டேன் ஆண்டே."

அப்பா என்னைப் பார்த்து, "நீ உள்ள போ"ன்னாரு. அவ்வளவுதான் அங்க நடந்துது. இப்ப யோசிக்கறப்ப தெரியுது, அப்பாவுக்குத் தண்ணி வேணும், ஆனா கை நனையக் கூடாது. ஊருல இருந்த அத்தனை பேர் நெனப்பும் அதேதான். அதுக்கு அவங்களுக்குக் காலனியில ஒரு ஆள் கெடைச்சாரு.

அவரு ஒண்டியா வெட்டினாரு. காலையில நாங்க ஸ்கூலுக்குப் போறப்ப பாலத்துக்கிட்ட சத்தம் கேக்கும், டொக்கு டொக்குன்னு. அவரு பொண்ணு என் கிளாஸ்தான். ரெண்டு பேரும் பாலத்து மேல நின்னு எட்டிப் பார்ப்போம். அவரு கீழேருந்து பாட்டுப் பாடுவாரு, எங்களைப் பார்த்ததும் ஜாஸ்தியா இழுப்பாரு. அவளுக்கு வெக்கமா இருக்கும். "வாடி போலாம்"னு என் கையப் பிடிச்சு இழுப்பா. புளியங்கட்டை பொளந்தா ஒரு புளிச்ச வாசனை வரும் பாருங்க, அது ரோடு வரைக்கும் வந்துது. தெனம் கொஞ்சம் கொஞ்சமா பாலத்து வாய் தெரிய ஆரம்பிச்சுது.

வருஷா வருஷம் நாங்க ரெண்டு பேரும் ஒரு காரியம் பண்ணுவோம். மலையில மழை பேஞ்சு மொதத் தண்ணி வாய்க்கால்ல வர்றப்ப, அதுக்கு முன்னால ஓடுவோம். தண்ணி சும்மா வராது. நொரை கட்டிக்கினு, சருகு, கடுக்காய், செத்த பூரான், எறும்புக் கூட்டம் எல்லாத்தையும் தள்ளிக்கினு மெதுவா ஊந்து வரும். காஞ்ச மண்ணு அதைக் குடிக்கற சத்தம் கேக்கும். அவங்கப்பா கையில குச்சியோட முன்னால நடப்பாரு, நாங்க அவருக்கும் முன்னால. ஏரிக்குள்ள யாரு மொதல்ல போறதுன்னு போட்டி. "இந்த வருஷம் நான்தான்டி"ன்னு அவ சொல்லி வெச்சிருந்தா.

ஒரு நாள் ஸ்கூல் வுட்டு வர்றப்ப டொக்கு சத்தம் கேக்கல. பாலத்துமேல ஜீப் நின்னுது. அவரு வெட்டிக்கினு இருந்த கடைசிக் கட்டை மேல உக்காந்திருந்தாரு. ரெண்டு கையையும் அவரு துண்டாலயே கட்டியிருந்தாங்க. ஒதடு கிழிஞ்சு ரத்தம். அவ அப்படியே நின்னுட்டா. அழவும் இல்ல, ஓடவும் இல்ல.

இன்ஸ்பெக்டர் கோடாலியக் கையில வெச்சிக்கினு கேட்டாரு: "இது ஏதுடா உனக்கு?"

"என்னுதுதாங்க."

"மரம் வெட்டினவன் எவன்? யாரு சொல்லி வெட்டினே?"

"வாய்க்கால் அடைச்சிக்கினு இருக்குதுங்க. தண்ணி வரணும்னு வெட்டறேங்க. வேற ஒண்ணும் தெரியாதுங்க."

அவரு திருடலன்னு சொன்னா வுட்டுடுவாங்கன்னு நெனைச்சேன். பொய் சொல்லாதேன்னு தானே வூட்லயும் ஸ்கூல்லயும் சொல்லிக் குடுத்தாங்க? நான் முன்னால போயி சொன்னேன்.

"சார், அது எங்க வூட்டுக் கோடாலி. காம்புக்கு நான்தான் நீலப் பெயிண்ட் அடிச்சேன். எங்கப்பாதான் அவனுக்குக் குடுத்தாரு."

நீர்க்கட்டி தலைய ஆட்டினாரு. "கொழந்தைங்க. தெரியாமச் சொல்லுது. நீ வூட்டுக்குப் போ கண்ணு." என்னைக் கண்ணுன்னு அவரு கூப்பிட்டது அன்னைக்குத்தான்.

என்னையும் அவரையும் ஜீப்புல ஏத்திக்கினு எங்க வூட்டுக்கு வந்தாங்க. அப்பா மாட்டுக் கொட்டாயிலேருந்து வந்தாரு. கோடாலியப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு. ஜீப்புக்குள்ள அவரை மட்டும் பாக்கல.

"இது உங்களுதா?"

"எங்களுதுதான் சார். காணோம்னு தேடிக்கினு இருந்தோம். எவனோ களவாண்டுக்கினு போயிட்டான்."

"நீங்க குடுத்ததா பாப்பா சொல்லுது."

"சின்னப் புள்ள சார். அது எதையோ பார்த்துட்டு எதையோ சொல்லுது. காலனிக்காரன் கையில நான் ஏன் சார் கோடாலி குடுக்கறேன்?"

நான் "அப்பா"ன்னேன். அம்மா என் வாயப் பொத்தி உள்ள இழுத்துக்கினு போனாங்க. மரம் வெட்டின கேசோட திருட்டுக் கேசும் அவரு தலையில வுழுந்துது. கடலூர் ஜெயிலுக்கு அனுப்பினாங்க. நான் ஒரு வார்த்தை பொய் சொல்லல. சொன்னதெல்லாம் நெசம். அந்த நெசத்தை வெச்சுத்தான் அவரைத் திருடனாக்கினாங்க. நான் வாய மூடிக்கினு இருந்திருந்தா அது அவரு கோடாலியாவே இருந்திருக்கும், திருட்டுக் கேசாவது இல்லாம போயிருக்கும். எத்தனையோ தடவை மனசுக்குள்ள அந்தப் பாலத்துமேல போயி நின்னு வாய மூடிப் பார்த்துட்டேன்.

மறுநாள் அப்பா சங்கராபுரம் போயி எனக்கு ஜாங்கிரி வாங்கியாந்தாரு. எதுக்குன்னு அவரும் சொல்லல, நானும் கேக்கல. பொட்டலத்தைத் தூக்கிப் போட்டேன்னு சொன்னா கேக்க நல்லா இருக்கும். இல்லைங்க, தின்னேன். வெரலை நக்கிக்கூடத் தின்னேன். ஸ்கூல்ல என் பக்கத்து எடம் காலியா இருந்துது. அவ அதுக்கப்புறம் வரவே இல்ல.

ஐப்பசி பாதியில மலைமேல ரெண்டு நாள் விடாம இடிச்சுது. தண்ணி வந்துது. அவரு வெட்டித் தொறந்து வெச்ச வழியில, கடைசிக் கட்டையச் சுத்திக்கினு, நொரையும் சருகுமா வந்துது. நான் தனியா பாலத்துமேல நின்னேன். முன்னால ஓட எனக்குக் கால் வரல. ஊரு ஆம்பளைங்க எல்லாம் கரைமேல நின்னுக்கினு, "அடேயப்பா, இந்த வருஷம் தண்ணி பாரு"ன்னு சிரிச்சாங்க. ஏரி ரொம்பி வழிஞ்சு கோடி போச்சு. அத்தனை தண்ணி அதுக்கு முன்னயும் நான் பாக்கல, பின்னயும் பாக்கல.

அப்புறம் மதகு தொறக்கணும். எங்க ஊருல அதுக்கு ஒரு வழக்கம். மொத மொதல்ல மதகுல எறங்கி அடைப்பை எடுக்கறது நீர்க்கட்டி வூட்டுக் கைதான். வேற கை வெச்சா ஏரிக்கு ஆகாதுன்னுவாங்க. தேங்கா ஒடைச்சு, கற்பூரம் ஏத்தி, ஊரே கரையில காத்துக்கினு இருந்துது. நாட்டாமை ஆள் வுட்டு நீர்க்கட்டியோட பொண்டாட்டியக் கூப்பிட்டாரு. அவங்க வந்தாங்க. பொண்ணும் கூட வந்தா. நான் அப்பா பக்கத்துல நின்னேன். அவ என்னைப் பாக்கல.

"உன் கொழுந்தனாரு யாரையாவது எறங்கச் சொல்லும்மா. நாத்து காயுது"ன்னாரு நாட்டாமை. அந்த அம்மாவை அம்மான்னு அவரு சொன்னதும் அன்னைக்குத்தான்.

அந்த அம்மா சத்தம்கூடப் போடல. சேலையத் தலைமேலேருந்து எறக்கி இடுப்புல சொருகிக்கினாங்க.

"வாய்க்கால்ல கட்டை வெட்டினது யாரு கோடாலிங்க? அந்தக் கோடாலிக்காரரே எறங்கித் தொறக்கட்டும்."

எல்லாருக்கும் தெரியும். திருட்டுன்னு சொன்னதை எங்க ஊருல ஒரு கொழந்தைகூட நம்பல. ஆனா அத்தனை பேருக்கும் வூட்ல கோடாலி இருந்துது, அதுக்காகத்தான் அத்தனை பேரும் வாய மூடிக்கினு இருந்தாங்க. இப்ப அத்தனை கண்ணும் எங்கப்பா மேலதான் இருந்துது.

அப்பா சட்டையக் கழட்டி என் கையில குடுத்துட்டு எறங்கினாரு. முங்கினாரு, வந்தாரு. திரும்ப முங்கினாரு. அவருக்கு அது பழக்கம் கெடையாது. அடைப்பு சட்டுன்னு புடுங்கிக்கினு வந்ததும் தண்ணி இழுத்த இழுப்புல மதகுக் கல்லுல தோள்பட்டை மோதி ரத்தம் வந்துது. மேல ஏறினதும் பல்லு கிடுகிடுன்னு அடிச்சிக்கிச்சு. அந்த அம்மா அதைப் பாக்கவே இல்ல, பொண்ணை இட்டுக்கினு கரையிலேருந்து எறங்கிப் போயிட்டாங்க.

அந்த வருஷம் எங்க வூட்ல நெல்லு வெக்க எடம் இல்ல. சாப்பாடு தொண்டையில எறங்கலன்னு சொல்ல மாட்டேன். நல்லாத்தான் எறங்குச்சு.

தை முடிஞ்சு மாசி பொறந்தப்ப நீர்க்கட்டி ஜெயில்லேருந்து வந்தாரு. எளைச்சு, தாடியோட. எங்க வூட்டுப் பின்பக்கம், அன்னைக்கு நின்ன அதே எடத்துல வந்து நின்னாரு. அப்பா, "களத்து நெல்லு எடுத்து வெச்சிருக்கேன், வந்து எடுத்துக்கினு போ"ன்னாரு. அதுக்கு அவரு சொன்னது இவ்வளவுதான்:

"கோடாலி கோர்ட்டுல இருக்குதுங்க. கேட்டு வாங்கிக்குங்க."

ஆண்டேன்னு கூப்பிடல. நெல்லையும் எடுக்கல. அந்த வாரமே குடும்பத்தோட சின்னசேலத்துல ரயில் ஏறிட்டாரு. அப்பா கோர்ட்டுக்குப் போவவே இல்ல. அவரு சாவற வரைக்கும் எங்க வூட்ல கோடாலி கெடையாது, வெறகு பொளக்க அடுத்த வூட்லதான் கேப்போம்.

அதுக்கப்புறம் நீர்க்கட்டி வேலைக்கு யாரும் வரல. வாய்க்கால் வார யாரும் போவல. மொதல்ல தூர்ந்துது, அப்புறம் ரெண்டு பக்கமும் கரும்பு ஏறுச்சு, ஏரிக்குள்ள சீமைக்கருவேலம் மொளைச்சுது. போர் போட்டாங்க, ஆழமாப் போவப் போவ உப்பு. இப்ப எம் பேரப்புள்ளைங்களுக்கு கேன் தண்ணி வாங்கறோம். மழை கம்மின்றாங்க. மழை எப்பவும் போலத்தான் மலையில பேயுது, இங்க வர வழியில்ல.

போன சித்திரையில எங்க அண்ணன் மவனும் அவன் கூட்டாளிங்களும் வாய்க்காலை மீட்கறோம்னு கெளம்பினாங்க. ஜேசிபி வெச்சு பாலம் வரைக்கும் தோண்டினாங்க. எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துது. அப்புறம் கரையில வெக்கறதுக்கு ஒரு பலகை எழுதியாந்தாங்க, ஏரியக் காப்பாத்தின பெரியவங்கன்னு. மொதப் பேரு எங்கப்பா பேரு.

"நீர்க்கட்டி இல்லாத வருஷம் தாத்தாவே உயிரப் பணயம் வெச்சு மதகுல முங்கித் தொறந்தாராமே அத்தை? ஊருல எல்லாரும் சொல்றாங்க"ன்னான்.

நான் அவனை உக்கார வெச்சு எல்லாத்தையும் சொன்னேன். செல்போனைத் தடவிக்கினே கேட்டான்.

"இன்னா அத்தை, இதெல்லாம் இப்ப எதுக்கு?"

"பேரை அழிச்சிட்டு அவரு பேரை எழுது. இல்லைன்னா பலகையே வெக்காத."

அவங்க வூட்ல கேக்காம எழுதக் கூடாதுன்னும் தோணுச்சு. விசாரிச்சதுல அவரு பொண்ணு திரும்ப வந்து சின்னசேலத்துல டெய்லர் கடை வெச்சிருக்கான்னு தெரிஞ்சுது. பஸ் ஏறிப் போனேன். மிஷின்லேருந்து தலையத் தூக்கிப் பார்த்தவ, ஒடனே கண்டுபிடிச்சிட்டா.

"இன்னாடி, இம்மாந்தூரம்?"

சொன்னேன். அன்னைக்கு ஜீப்புகிட்ட நான் பேசினதுலேருந்து ஜாங்கிரி தின்ன வரைக்கும் சொன்னேன். அழுதுட்டேன். அவ நூலைப் பல்லால கடிச்சு அறுத்துட்டு மடியில இருந்த துணியத் தட்டினா.

"எங்கப்பா உன்னை ஒண்ணும் சொல்லல. அந்தப் பொண்ணு ஒண்ணுதான் நெசம் பேசுச்சுன்னு சொல்லிக்கினு இருப்பாரு. உங்கப்பாவைச் சொன்னதை உங்கிட்ட சொல்ல மாட்டேன். பலகையெல்லாம் வேணாம், அவரு பேரை அந்த ஊருல எழுத வேணாம்."

எழுந்துக்கினேன். வாசப்படி தாண்டறப்ப அவ கேட்டா.

"தண்ணி வருதா?"

"மலையில பேஞ்சா வந்துடும்ன்றாங்க."

"வந்தா போன் பண்ணு. மதகு தொறக்கக் கூப்பிட்டா வர மாட்டேன், ஆமாம். அதை நீங்களே பண்ணிக்குங்க." மிஷின் சக்கரத்தைக் கையால சுத்திக்கினே சொன்னா: "முன்னால நொரை கட்டிக்கினு வரும் பாரு, அதைப் பாக்க வர்றேன். அந்த வருஷம் நான் பாக்கலடி."

பலகை எங்க வூட்டு மாடிப்படிக்குக் கீழ திருப்பி வெச்சபடி இருக்குது. நான் தெனம் காலையில எழுந்ததும் மொதல்ல மலைப் பக்கம்தான் பாக்கறேன்.